தபால் வழிச் சதுரங்கம்

சதுரங்கம் என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது ஒரு மேசையும், அதன் இரு புறமும் எதிரெதிராக அமர்ந்து கன்னத்தில் கைவைத்துச் சிந்திக்கும் இருவரும், அவர்கள் நடுவே 64 கட்டங்களுமே. ஆனால் இன்று நான் உங்களுக்குச் சொல்ல எடுத்துக்கொண்ட ஆட்டத்தில் மேசைகள் இரண்டு; பலகைகளும் இரண்டு. ஒரு பலகை அமெரிக்காவில் இருந்தது. மற்றொன்று ரஷ்யாவில் இருந்தது. ஆடியவர்கள் ஆட்டம் நடந்த காலத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. காய்களை நகர்த்தும் செய்தி அஞ்சலட்டையில் ஏறிக் கடல் கடந்து சென்றது. ஓர் ஆட்டம் முடிவதற்கு ஆண்டுகள் ஆயின. இதற்குத் தபால் வழிச் சதுரங்கம் என்று பெயர்.

இவ்வகை ஆட்டம் நேற்றுத் தோன்றியதன்று. 1824-ஆம் ஆண்டில் லண்டன் நகரச் சதுரங்கக் கழகத்துக்கும் எடின்பரோ நகரக் கழகத்துக்கும் தபால் வழியே ஒரு போட்டி தொடங்கியது. அக்காலத்தில் அவ்விரு நகரங்களுக்கும் இடையே புகைவண்டி கிடையாது. குதிரைகள் இழுக்கும் தபால் வண்டிகளே கடிதங்களைச் சுமந்தன. ஐந்து ஆட்டங்கள் கொண்ட அந்தப் போட்டி 1828-ஆம் ஆண்டில்தான் முடிந்தது. எடின்பரோ இரண்டு ஆட்டங்களில் வென்றது. லண்டன் ஒன்றில் வென்றது. எஞ்சிய இரண்டும் சமனாயின. ஸ்காத்லாந்துக்காரர்கள் அப்போட்டியில் கையாண்ட ஒரு தொடக்க முறை இன்றும் ‘ஸ்காச் ஆட்டம்’ என்றே உலகமெங்கும் வழங்குகிறது. தபாலில் பிறந்த ஒரு பெயர் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் நின்று நிலைத்துவிட்டது.

பல மொழி பேசும் நாட்டினர் ஒருவரோடு ஒருவர் ஆடும்போது மொழி ஒரு தடையாக வருமல்லவா? அதற்கும் எளிய வழி கண்டார்கள். பலகையின் நெடுவரிசைகளுக்கு இடமிருந்து வலமாக 1 முதல் 8 வரை எண். குறுக்கு வரிசைகளுக்கும் வெள்ளைக்காரர் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண். ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு இலக்கங்கள். காய் புறப்படும் கட்டத்தையும் சேரும் கட்டத்தையும் சேர்த்தெழுதினால் நான்கு இலக்கங்கள். ‘ராஜாவின் முன் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னேறியது’ என்று ஒரு வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக, 5254 என்று எழுதினால் போதும். மாஸ்கோவில் இருப்பவருக்கும் புரியும்; மெல்போர்னில் இருப்பவருக்கும் புரியும். எண்ணுக்கு இலக்கணமும் இல்லை, அகராதியும் வேண்டியதில்லை.

இந்த ஆட்டத்தின் விதிகளில் இரண்டை மட்டும் நீங்கள் நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, காலம். பத்து நகர்வுகளுக்கு முப்பது நாட்கள் என்பது நெடுங்காலம் வழங்கிய கணக்கு. கடிதம் வழியில் செலவிடும் நாட்கள் அதில் சேரா. இரண்டாவது, நூல்களைப் புரட்டிப் பார்க்கலாம். காய்களைப் பலகையில் நகர்த்திப் பரிசோதிக்கலாம். குறிப்புகள் எழுதி வைக்கலாம். நேருக்கு நேர் ஆடுகையில் இவை யாவும் குற்றம். தபால் ஆட்டத்திலோ இவை யாவும் அனுமதிக்கப்பட்டவை. ஆனால், அட்டை தபாற்பெட்டியில் விழுந்த பிறகு நகர்வைத் திரும்பப் பெற முடியாது.

“புத்தகத்தைப் பார்த்து ஆடுவது ஒரு திறமையா?” என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். வகுப்பறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றவன் என்ற முறையில் இக்கேள்வி எனக்குப் புதிதன்று. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வு எளிது என்று மாணவர்கள் நினைப்பதுண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது. புத்தகம் எல்லார் கையிலும் இருக்குமானால், புத்தகத்தில் உள்ளதை ஒப்பிப்பதற்கு மதிப்பு இல்லாமற்போகிறது. புத்தகம் எங்கே முடிகிறதோ அங்கேதான் தேர்வு தொடங்குகிறது. இதை விளக்குவதற்கு நான் இப்போது சொல்லப்போகும் ஆட்டத்தைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

1965-ஆம் ஆண்டு ஐந்தாவது உலகத் தபால் சதுரங்கப் போட்டியின் இறுதிச் சுற்று தொடங்கியது. அதில் வெள்ளைக் காய்களோடு ஆடியவர் மாஸ்கோவைச் சேர்ந்த யாகவ் எஸ்த்ரின். கறுப்புக் காய்களோடு ஆடியவர் அமெரிக்கரான ஹான்ஸ் பெர்லினர். பெர்லினர் 1929-ஆம் ஆண்டு ஜெர்மனியில், பெர்லின் நகரில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே, 1937-இல், அவருடைய குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. அக்காலம் அவ்விரு வல்லரசுகளும் ஒன்றையொன்று ஐயத்தோடு நோக்கிய காலம். ஆயினும் அந்த இரு நாடுகளின் தபால்காரர்களும் ஒரு சிறு அட்டையை, நான்கே இலக்கங்களோடு, பழுதின்றிக் கொண்டு சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டத்துக்குள் புகுமுன் காய்களின் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். ராஜா, ராணி, நேராகச் செல்லும் யானை, குறுக்காகச் செல்லும் மந்திரி, தாவும் குதிரை, முன்னே நடக்கும் சிப்பாய். வீட்டில் பலகை இருப்பவர்கள் அதை எடுத்து வைத்துக்கொண்டால் நலம். இல்லாதவர்கள் மனத்தில் விரித்துக்கொள்ளலாம்.

இருவரும் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினர். வெள்ளை ஒரு குதிரையையும் ஒரு மந்திரியையும் வெளியே கொணர்ந்தார். கறுப்பு இரண்டு குதிரைகளையும் வெளியே கொணர்ந்தார். இதனால் இதற்கு ‘இரு குதிரைக் காப்பு’ என்று பெயர். பதினாறாம் நூற்றாண்டிலேயே இத்தாலியர்கள் அறிந்திருந்த முறை இது. காப்பு என்ற பெயரைக் கேட்டு இதை அடக்கமான முறை என்று எண்ணிவிடக் கூடாது. தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பதன்று இந்தக் காப்பு. பகைவன் வாசலுக்கு வருமுன் தெருவில் இறங்கி எதிர்கொள்வது இது.

நான்காம் நகர்வில் வெள்ளைக் குதிரை எல்லை கடந்து பாய்ந்தது. குதிரையும் மந்திரியும் சேர்ந்து, கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்தில், ராஜாவைத் தவிர வேறு காவலில்லாத ஒரு சிப்பாயைக் குறிவைத்தன. கறுப்பு மையச் சிப்பாயை முன்தள்ளி மந்திரியின் வழியை மறித்தார். வெள்ளை அதை வெட்டினார். இப்போது பெர்லினர் ராணிப் பக்கத்தில் காவலே இல்லாத மற்றொரு சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே விட்டு, மந்திரியைத் தாக்கினார். ‘எடுத்துக்கொள்’ என்று நீட்டியதைப் போன்ற நகர்வு. ஆனால் அதை எடுத்தால், கறுப்பு ராணி மையத்துக்கு வந்து, அந்த மந்திரியையும் வெள்ளை ராஜாவின் பக்கத்துச் சிப்பாய் ஒன்றையும் ஒரே நேரத்தில் தாக்கும். எஸ்த்ரின் இதை நன்றாக அறிந்தவர். அவர் அந்த மந்திரியை அது புறப்பட்ட இடத்துக்கே திரும்ப அழைத்துக்கொண்டார். முன் வைத்த காலைப் பின் வைப்பது கோழைத்தனம் என்பார்கள். சில வேளைகளில் அதுவே மிகச் சிறந்த அறிவு.

எஸ்த்ரின் இதை அறிந்திருந்ததில் வியப்பில்லை. இரு குதிரைக் காப்பைப் பற்றி நூலே எழுதிய அறிஞர் அவர். அந்தத் துறையில் அவருக்கு நிகரானவர்கள் அன்று மிகச் சிலரே. பெர்லினருக்கு இது தெரியும். வேறு எத்தனையோ தொடக்க முறைகள் இருக்க, ஆசிரியரிடமே அவர் எழுதிய பாடத்தில் போட்டியிட அவர் துணிந்தார். இது வீண் துணிச்சலா? அன்று. அவர் அந்தப் பாடத்தை ஆசிரியர் நின்ற எல்லைக்கு அப்பாலும் படித்திருந்தார்.

இனி வந்த நகர்வுகளைக் கேளுங்கள். கறுப்புக் குதிரை ஒன்று மையத்தில் குதித்தது. வெள்ளை அதைச் சிப்பாயால் தாக்கினார். கறுப்பு அதைக் காப்பாற்றவில்லை. மற்றொரு குதிரையால் மையச் சிப்பாயை வெட்டினார். வெள்ளைக் குதிரை பின்வாங்கியது. கறுப்பு ராணி பலகையின் ஓரத்துக்குப் பாய்ந்து அக்குதிரையைத் தாக்கியது. அது மேலும் பின்வாங்கியது. கறுப்பு மந்திரி வெளிவந்து வெள்ளை ராணியைத் தாக்கியது. வெள்ளை ஒரு சிப்பாயை நகர்த்தி அதை மறித்து, மந்திரியையும் தாக்கினார். இப்போது நிலை என்ன? கறுப்பின் குதிரையும் மந்திரியும் தனித்தனியே இரண்டு சிப்பாய்களின் வாயில் நிற்கின்றன. இரண்டில் ஒன்று போவது உறுதி. அப்போது பெர்லினர் எதை நகர்த்தினார்? குதிரையை அன்று; மந்திரியையும் அன்று. மையத்திலிருந்த தம் சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளினார்! பத்தாவது நகர்வு அது.

எஸ்த்ரின் குதிரையை வெட்டினார். பெர்லினர் மற்றொரு மந்திரியையும் போர்க்களத்துக்கு அழைத்து வந்தார். வெள்ளை மந்திரி கறுப்பு ராஜாவுக்கு முற்றுகை சொன்னது. கறுப்பு ராஜா பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தது. இதனால் கோட்டை கட்டும் உரிமையை அது இழந்தது. கணக்குப் பார்த்தால் வெள்ளையிடம் ஒரு காய் மிகுதி. ராஜாவும் அடுத்த நகர்வில் கோட்டைக்குள் சென்றுவிட்டது. கறுப்பு ராஜாவோ நடுவெளியில் நிற்கிறது. ஆனால் வெள்ளையின் ராணிப் பக்கத்து யானையும் குதிரையும் மந்திரியும் புறப்பட்ட இடத்தைவிட்டு இன்னும் அசையவில்லை. கறுப்பின் காய்களோ வெள்ளை ராஜாவின் வாசலில் நிற்கின்றன. ஊருக்குள் இருக்கும் பத்துப் பேரைவிட, வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் நிற்கும் நால்வர் வலியர் அல்லரோ?

இந்த ஆட்டத்தின் சிகரம் பதினான்காம் நகர்வு. அப்போது பெர்லினர் தம் மந்திரியால் ஒரு யானையை வெட்டலாம். எந்த மாணவனும் அதை உடனே வெட்டியிருப்பான். பெர்லினர் வெட்டவில்லை. மூலையில் கிடந்த தம் யானையை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி, முன்னேறி நின்ற வெள்ளை மந்திரியைத் தாக்கினார். மந்திரி பின்வாங்கிய பிறகுதான் வெள்ளை யானையை வெட்டினார். இந்த ஒரு கட்டத்தின் பயன் நான்கு நகர்வுகளுக்குப் பின்னரே விளங்கிற்று. அந்த யானை தன் நெடுவரிசையில் இரண்டு கட்டம் முன்னேறி, அங்கிருந்து குறுக்கே வெள்ளை ராஜாவின் பக்கம் பாயத் தயாராக நின்றது. வெள்ளை ஒரு சிப்பாயை நகர்த்தித் தம் மந்திரிக்கு வழிதிறந்து, யானை வந்து சேர வேண்டிய கட்டத்தைக் காவல் செய்தார். உடனே பெர்லினர் தம் குதிரையை அந்த மந்திரியின் வழியிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். மந்திரி குதிரையை வெட்ட, ராணி மந்திரியை வெட்டியது. காவல் நீங்கியது.

எஸ்த்ரின் சளைக்கவில்லை. மற்ற மந்திரியைத் தம் ராஜாவுக்குக் கேடயமாக நிறுத்தினார். பெர்லினரின் சிப்பாய்கள் இரண்டு அதன் மேல் அணிவகுத்து வந்தன. எஸ்த்ரினின் குதிரை ஒரே தாவலில் கறுப்பு ராணியையும் யானையையும் தாக்கியது. பெர்லினர் யானையைக் கொடுத்து மந்திரியைப் பெற்றார். பின்னர் ராணிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள, அந்தக் குதிரையும் வீழ்ந்தது. புயல் ஓய்ந்தபோது பலகையில் எஞ்சியவை இருவருக்கும் ராஜாவும், ஒவ்வொரு யானையும், வெள்ளைக்கு மூன்று சிப்பாய்களும், கறுப்புக்கு நான்கு சிப்பாய்களுமே.

இத்தனை ஆரவாரத்துக்கும் கிடைத்த பயன் ஒரே ஒரு சிப்பாயா என்று நினைக்கிறீர்கள். ஆம், ஒரே ஒரு சிப்பாய்தான். அதையும் பெர்லினர் காத்துவைக்கவில்லை! முப்பத்தோராம் நகர்வில் தம் யானையைக் காவலிலிருந்து விடுவித்து, ஒரு சிப்பாயை வெள்ளை எடுத்துக்கொள்ள விட்டார். மூன்றுக்கு மூன்று என்று கணக்குச் சமனாயிற்று. ஆனால் அதற்கு ஈடாக அவருடைய ராஜா மையத்தின் வழியே வெள்ளையின் எல்லைக்குள் நடந்து சென்றது. முன்பு நடுவெளியில் நின்று துன்பப்பட்ட அதே ராஜா, போர் முடியும் வேளையில் அரசனாகவே நடந்தது. அது ஒரு சிப்பாயை வீழ்த்தியது; தன் சிப்பாய் ஒன்றுக்குத் துணையாக நின்றது. நாற்பத்திரண்டாம் நகர்வில் கறுப்புச் சிப்பாய் ராணியாக இன்னும் இரண்டே கட்டம். எஸ்த்ரின் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இங்கே ஒரு நுட்பத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். ஆட்டம் முடிந்தபோது கறுப்பு யானையின் பக்கத்தில் வெள்ளை ராஜா நின்றது. ஆனால் யானையை அதனால் வெட்ட முடியவில்லை. ஏனெனில் ஒரு சிப்பாய் யானைக்குக் காவலாக இருந்தது. அந்தச் சிப்பாய் எப்போது அங்கே வந்தது? இருபத்தோராம் நகர்வில், தாக்குதலுக்காக அனுப்பப்பட்டது. தாக்குதல் முடிந்தது, துணைவர்கள் மறைந்தார்கள், இருபது நகர்வுகளாக அது அசையாமல் அங்கேயே நின்றது. கடைசியில் தன் வேலை வந்தபோது அதைச் செய்தது. நல்ல உழைப்பு எதுவும் வீணாவதில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

அந்தப் போட்டி 1968-இல் முடிந்தது. பெர்லினர் பதினாறு ஆட்டங்களில் பன்னிரண்டில் வென்று, நான்கைச் சமன் செய்து, ஒன்றிலும் தோற்காமல், அடுத்து வந்தவரைவிட மூன்று புள்ளிகள் மிகுதியாகப் பெற்று உலக வீரரானார். அமெரிக்க எழுத்தாளர் ஆண்டி சோல்டிஸ், இருபதாம் நூற்றாண்டின் நூறு சிறந்த ஆட்டங்களை வரிசைப்படுத்தியபோது, இந்த ஆட்டத்துக்கே முதலிடம் தந்தார்.

தோற்றவர் என்ன ஆனார் என்று கேட்பது நம் கடமை. தமக்கே உரிய துறையில், தாம் எழுதிய பாடத்தில் தோற்பது எளிதில் ஆறும் புண்ணன்று. ஆனால் எஸ்த்ரின் பலகையை மூடிவிடவில்லை. தொடர்ந்து ஆராய்ந்தார், தொடர்ந்து ஆடினார். 1972-இல் தொடங்கி 1976-இல் முடிந்த ஏழாவது உலகத் தபால் சதுரங்கப் போட்டியில் அவரே வென்று உலக வீரரானார். வென்றவர்களின் வரலாற்றை மாத்திரம் படிக்கும் மாணவன் பாதி வரலாற்றையே படிக்கிறான்.

பெர்லினர் கணிப்பொறி அறிவியலில் ஆராய்ச்சி செய்து, 1974-இல் அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பொறிக்குச் சதுரங்கம் கற்பிக்கும் பணியில் ஈடுபட்டார். பாக்கேமன் என்னும் தாயக்கட்டை ஆட்டத்துக்கு அவர் அமைத்த நிரல், 1979-இல் மாண்டே கார்லோ நகரில், அவ்வாட்டத்தின் உலக வீரரை வென்றது. உலகம் வியந்தது. ஆனால் பெர்லினர் அந்த ஆட்டங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பொறிக்குத் தாயக்கட்டைகள் சாதகமாக விழுந்தன என்பதைத் தாமே வெளிப்படையாக எடுத்துச் சொன்னார். வெற்றியில் தமக்குரிய பங்கு எவ்வளவு, அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் நேர்மை, ஒரு பட்டத்தைவிடப் பெரிது என்பது என் அபிப்பிராயம். அவர் 2017-இல் காலமானார்.

இன்று அஞ்சலட்டைகள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. நகர்வுகள் இணையம் வழியே நொடியில் செல்கின்றன. அதைவிடப் பெரிய மாறுதல் ஒன்றும் நேர்ந்திருக்கிறது. உலகத் தபால் சதுரங்கப் போட்டிகளில் இன்று கணிப்பொறியின் துணையைக் கொள்ளலாம். விதி அதை அனுமதிக்கிறது. பொறியோ, 1997-இல் உலக வீரர் காஸ்பரோவை வென்ற நாள் முதல் மேலும் மேலும் வலிமை பெற்று, மனிதருக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றுவிட்டது. அதனால் உயர்ந்த போட்டிகளில் மிகப் பெரும்பாலான ஆட்டங்கள் சமனாகவே முடிகின்றன. பெர்லினரும் எஸ்த்ரினும் நடந்த பாதையிலும் பிற்காலத்தவர் இரு தரப்புக்கும் வேறு வழிகளைக் கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் அந்த ஆட்டத்துக்கு இன்று மதிப்பு இல்லையா? இங்கேதான் நான் உங்களிடம் சொல்ல விரும்பும் கருத்து இருக்கிறது. விடையை அறிவது வேறு. விடையை அடைவது வேறு. பெர்லினரின் பதினான்காம் நகர்வைப் பொறி இன்று கண்ணிமைக்கும் நேரத்தில் சீர்தூக்கிவிடும். ஆனால் பொறி சொன்னதைக் கேட்டவனிடம் எஞ்சுவது நான்கு இலக்கங்கள் மட்டுமே. தானே தேடியவனிடம் அந்த நான்கு இலக்கங்களோடு, அவன் பார்த்து ஒதுக்கிய நூறு வழிகளும், அவற்றை ஏன் ஒதுக்கினான் என்ற தெளிவும் இருக்கின்றன. அடுத்த சிக்கல் வரும்போது அவனுக்குக் கைகொடுப்பது இந்தத் தெளிவே.

உங்கள் கையிலும் இன்று எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லும் கருவிகள் இருக்கின்றன. அவற்றைத் தொடாதே என்று நான் சொல்லமாட்டேன். நூலைத் தொடாதே என்று சொன்ன ஆசிரியன் நான் அல்லன். ஆனால் ஒன்றைச் சொல்வேன். ஒரு கணக்கோ, ஒரு கட்டுரையோ, ஒரு முடிவோ உங்கள் முன் நிற்கும்போது, முதலில் உங்கள் பலகையை நீங்களே விரியுங்கள். யாரும் பார்க்காத இடத்தில், யாரும் அவசரப்படுத்தாத நேரத்தில், உங்கள் சிந்தனையை அது போகும் எல்லைவரை போகவிடுங்கள். உடனே கிடைக்கும் யானையை வெட்டுவதற்கு முன், வேறு நகர்வு உண்டா என்று ஒருமுறை நின்று கேளுங்கள். அதன் பிறகு நூலையும் கருவியையும் திறந்து பாருங்கள். அப்போது அவை உங்களுக்குத் துணையாக இருக்கும். உங்கள் இடத்தில் அமர்ந்துவிடமாட்டா.

தேர்வு மண்டபத்தில் விரைவு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் மூன்று மணி நேரத் தேர்வுகள் அல்ல. எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது, எந்தத் தொழிலில் இறங்குவது, யாருடைய சொல்லை நம்புவது என்பவையெல்லாம் தபாலில் ஆடும் ஆட்டங்கள். சிந்திக்கக் காலம் உண்டு; படிக்க நூல் உண்டு; கேட்கப் பெரியோர் உண்டு. ஆனால் அட்டையில் எழுதுபவர் நீங்கள்தாம். பெட்டியில் போட்ட பிறகு அதைத் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே, நிதானமாக எழுதுங்கள். எழுதிய பிறகு அஞ்சாமல் அனுப்புங்கள்.